இசைக் கலைஞருக்கான இயர்ப்ளக்: கழற்றத் தோன்றாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒத்திகை முடிந்து வெளியே வந்த பிறகும் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஏதோ கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் எனக்கு இது வாடிக்கை. டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் என் இடம். காது அடைத்துக்கொண்டால் ஒத்திகை நன்றாக நடந்தது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பிறகு நண்பர் ஒருவர் வற்புறுத்தி, சத்தத்தைக் குறைக்கக் காதுக்குள் உருட்டிச் செருகும் ஃபோம் இயர்ப்ளக் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டதும் இசை உயிரற்றுப் போனது. டிரம்ஸின் சிம்பல் தட்டுகளின் சத்தம் காணாமல் போயிற்று, தாழ்ந்த பேஸ் ஒலி மட்டும் உறுமியது. ஒரு பாட்டுக்குப் போட்டிருப்பேன். அடுத்த பாட்டில் ஒரு காதிலிருந்து கழற்றுவேன். அதற்கடுத்த பாட்டில் இரண்டும் சட்டைப் பைக்குள் போய்விடும். பாதி நேரம் போட்டாலும் பாதிப் பாதுகாப்பாவது கிடைக்குமே என்பது என் கணக்கு. அது எவ்வளவு தப்பான கணக்கு என்று பின்னால் தெரிந்தபோது உண்மையிலேயே அதிர்ந்து போனேன். இயர்ப்ளக் வாங்க நினைக்கும் இசைக் கலைஞர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு முன் சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

டெசிபல் எப்படிக் கூடுகிறது?

10 கிலோவோடு 10 கிலோ சேர்ந்தால் 20 கிலோ. டெசிபல் அப்படிக் கூடாது. 90 டெசிபலில் ஒலிக்கும் ஒரு ஒலிபெருக்கியின் பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை வைத்தால் கிடைப்பது 93 டெசிபல்தான். அதாவது 3 டெசிபல் கூடினாலே காதுக்குள் போகும் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ஆனால் கேட்பவருக்கோ 10 டெசிபல் கூடும்போது சத்தம் ஏறக்குறைய இரு மடங்கு ஆனதாகத்தான் தோன்றும். உள்ளே போவது பத்து மடங்கு, உணர்வது இரண்டு மடங்கு. இவ்வளவுதானே சத்தம் என்று காது சொல்வதை நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதற்கு, பணியிட உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயோஷ் 1998-இல் வெளியிட்ட அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 97-க்கு அரை மணி நேரம். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். டிரம்ஸ் வாசிப்பவரின் காதருகே 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். சின்ன அறையில் மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒலித்தால் அறையில் இருக்கும் எல்லாருக்குமே ஏறத்தாழ அதே நிலைதான். வயலின் மென்மையான வாத்தியம் என்று பெயர் எடுத்திருந்தாலும், அழுத்தி வாசிக்கும்போது வாசிப்பவரின் இடது காதில் 90-ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு வெளியிட்ட தரநிலை, 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பார்வையாளர் எப்போதோ ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். மேடையில் இருப்பவருக்கு ஒத்திகை, ஒலிச் சோதனை, நிகழ்ச்சி, மறுநாள் இன்னொரு ஒத்திகை என்று அது வாழ்நாள் முழுக்க நீள்கிறது.

உங்கள் அறையில் எவ்வளவு சத்தம் என்று தெரிந்துகொள்ளக் கைப்பேசியே ஓரளவுக்குப் போதும். நயோஷ் நிறுவனமே ஐபோனுக்கு ஒலி அளவி செயலி ஒன்றை இலவசமாகத் தருகிறது. மற்றச் செயலிகள் சில டெசிபல் முன்னே பின்னே காட்டலாம். தேர்வு செய்வதற்கு அந்த அளவு துல்லியம் போதுமானது. கைப்பேசியை உங்கள் காது இருக்கும் உயரத்தில், நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்து, ஒரு முழுப் பாட்டின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் கையில் இல்லாமல் இயர்ப்ளக் வாங்குவது, பாத அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல.

கெடுவது எது?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலையில் இவை அசைந்து, அந்த அசைவை நரம்புக்கான சமிக்ஞையாக மாற்றுகின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது. ஒத்திகைக்குப் பிறகு காது அடைத்துக்கொள்வது இவை களைத்துப் போனதன் அடையாளம். மறுநாள் காலையில் பெரும்பாலும் மீண்டுவிடுகின்றன. ஆனால் செல்கள் மீண்ட பிறகும், அவற்றை நரம்போடு இணைக்கும் நுண்ணிணைப்புகளில் ஒரு பகுதி நிரந்தரமாக அறுந்து போவதை 2009-இல் எலிகளிடம் செய்த ஆய்வில் ஷாரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் காட்டினார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன்.

சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் பக்கத்தில்தான் முதலில் தெரியும். பேச்சில் ‘ச’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மையும், இசையில் தந்தி மீட்டும்போது எழும் பளிச்சென்ற தொடக்கமும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. கேட்கும் திறன் குறைவதை விடவும் கலைஞரை வதைக்கும் பாதிப்புகள் வேறு உண்டு: ஓயாத ரீங்காரம், சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போவது, ஒரே ஸ்வரம் வலது காதில் ஒரு சுருதியாகவும் இடது காதில் வேறு சுருதியாகவும் கேட்பது. சுருதி சேர்க்கும் ஒருவருக்குக் கடைசியாகச் சொன்னது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபோம் போட்டால் இசை ஏன் செத்துப் போகிறது?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இயர்ப்ளக்கைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் திறந்தும் மறு பக்கம் மூடியும் இருக்கும் எந்தக் குழாயும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூடுதலாக முழங்கச் செய்யும். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே ஸ்வரம் எழுகிறதல்லவா, அதைப் போல. நம் செவிக்குழாய் 2,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இப்படி முழங்குகிறது. அந்தப் பகுதியில் இருக்கும் ஒலி செவிப்பறையை அடையும்போது 15 டெசிபல் அளவுக்கு வலுத்திருக்கும். பிறந்த நாளிலிருந்து இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வயலின் வயலினாகக் கேட்பதில், ஒரு குரல் இன்னார் குரல் என்று தெரிவதில் இந்த முழக்கத்துக்குப் பங்கு உண்டு.

குழாயை ஃபோமால் அடைத்ததும் இந்த இயல்பான முழக்கம் போய்விடுகிறது. அதற்கு மேல், ஃபோம் என்ற பொருளே தாழ்ந்த ஒலிகளை விட உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாகத் தடுக்கிறது. தாழ்ந்த பக்கத்தில் 30 டெசிபல் குறைகிறது என்றால் உச்சத்தில் 40-ஐத் தாண்டிக் குறையும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது பேஸின் உறுமல்தான். ஃபோம் மேல் குற்றம் சொல்ல முடியாது. ராஸ் கார்ட்னர் என்பவர் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய அந்த மெல்ல விரியும் பொருள், தொழிற்சாலை இரைச்சலை முடிந்த மட்டும் அடைப்பதில் இன்றும் மிகச் சிறந்தது. இயந்திரத்தின் சத்தம் அழகாகக் கேட்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இசைக்காரருக்கு வேண்டியது வேறு. எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகக் குறைக்க வேண்டும். பெருக்கியின் ஒலி அளவுக் குமிழை மட்டும் இறக்கியது போல. எல்மர் கார்ல்சன் என்ற பொறியாளரின் யோசனையைக் கொண்டு, மீட் கில்லியன் நடத்திய எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் இ.ஆர்.-15 என்ற இயர்ப்ளக்கை வெளியிட்டது. காதின் அச்சில் வார்த்த ஒரு உறை, அதற்குள் ஒரு நுண்துளை, துளையின் முனையில் ஒரு மெல்லிய சவ்வு. துளைக்குள் இருக்கும் காற்றும் சவ்வும் சேர்ந்து 2,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முழங்குமாறு அளந்து செய்யப்பட்டது அது. அடைத்ததால் இழந்த முழக்கத்தை இயர்ப்ளக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது! எல்லா ஸ்வரங்களும் 15 டெசிபல் இறங்குகின்றன, இசையின் நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இன்று ‘மியூசிஷியன்ஸ் இயர்ப்ளக்’ என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் இந்த யோசனையின் வழித்தோன்றல்கள். இதே தத்துவத்தில் 9, 25 டெசிபல் ஃபில்டர்களும் (உறைக்குள் பொருத்தும், ஒலியைக் குறைக்கும் சிறு பகுதி) உண்டு.

ஐந்து நிமிடக் கணக்கு

முன்னே சொன்ன தப்புக் கணக்குக்கு வருகிறேன். 30 டெசிபல் தடுக்கும் ஃபோமை இரண்டு மணி நேர ஒத்திகையில் பாதி நேரம் போட்டிருந்தால் எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கும்? 15 டெசிபல் என்று நினைப்போம். கிடைப்பது 3 டெசிபல்தான். காரணம் எளிது. போட்டிருந்த ஒரு மணி நேரத்தில் காதுக்குள் போனது ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல். அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கழற்றியிருந்த ஒரு மணி நேரமும் முழு ஆற்றலும் உள்ளே போயிருக்கிறது. ஆக மொத்தம் பாதி. ஆற்றல் பாதியானால் 3 டெசிபல் குறைவு.

பாதி நேரம் வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் 12 நிமிடம் மட்டும் கழற்றினால்? பாதுகாப்பு 10 டெசிபலாக இறங்கிவிடும். ஐந்தே நிமிடம் கழற்றினால் 14-க்கும் சற்றுக் குறைவு. அதாவது 30 டெசிபல் தடுக்கும் ஒன்றை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தவரை விட, 15 டெசிபல் மட்டுமே தடுக்கும் ஒன்றைக் கடைசி வரை கழற்றாமல் இருந்தவரின் காது பத்திரமாக இருக்கிறது. காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் என் ஃபோம் ஜோடிக்கு விடை கொடுத்தேன்.

இதே விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸின் இசைக்குழுவில் வயோலா (வயலினை விடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசித்த ஒருவர், 2012-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பரா ஒன்றின் ஒத்திகையில் பித்தளை வாத்தியக்காரர்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து வாசித்தபின் காது பாதிக்கப்பட்டு, வாத்தியத்தையே விட வேண்டியதாயிற்று. அவருக்கு இயர்ப்ளக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எப்போது அணிவது என்பது அவரவர் முடிவுக்கு விடப்பட்டிருந்தது. 2018-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2019-இல் மேல்முறையீட்டிலும் அதன் சாரம் நிலைத்தது. தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு காதைக் காப்பாற்றாது.

எனவே தேர்வின் முதல் விதியாக நான் வைப்பது இது: தேவைக்குப் போதுமான அளவு தடுக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். அளவுக்கு மிஞ்சித் தடுத்தால் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது கேட்காது, உங்கள் வாசிப்பே உங்களுக்குக் கேட்காது, கை தானாகக் காதுக்குப் போகும்.

போதுமான அளவு எவ்வளவு? நீங்கள் குறித்து வைத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை 100 டெசிபல், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கான எல்லை 91. ஆக, குறைந்தது 9 டெசிபல் இறக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வேறு சத்தங்களும் காதுக்குப் போயிருக்கும். இயர்ப்ளக்கும் எப்போதும் கச்சிதமாகப் பொருந்தாது. 15 டெசிபல் ஃபில்டர் போட்டால் 85-க்கு வருகிறது. அதில் எட்டு மணி நேரம் இருக்கலாம், நீங்கள் இருப்பது இரண்டு. நிம்மதியான இடைவெளி. அளவு 95 என்றால் 9 டெசிபல் ஃபில்டரே போதும். 105-ஐத் தொடும் டிரம்ஸ் கலைஞருக்கு 15 விளிம்பில் நிற்கும். 20 அல்லது 25 நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் குழப்பலாம். அமெரிக்க முறையில் என்.ஆர்.ஆர்., ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். என்று இரண்டு மதிப்பீடுகள் உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். பெரும்பாலும் பெரிய எண்ணாக இருக்கும். என்.ஆர்.ஆர். கணக்கிடும்போது சரியாகப் பொருத்தத் தெரியாதவர்களையும் மனதில் வைத்து நிறையக் கழித்துவிடுவார்கள். அதனால் 20 டெசிபல் என்ற பெயரில் விற்கப்படும் மியூசிஷியன்ஸ் இயர்ப்ளக்கின் பெட்டியில் என்.ஆர்.ஆர். 12 அல்லது 13 என்று இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். எனக்கு இந்த ஒற்றை எண்ணை விட முக்கியமாகப் படுவது, அதிர்வெண் வாரியாக எவ்வளவு குறைக்கிறது என்று காட்டும் அட்டவணை. 125 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தால் இசைக்கு ஏற்றது. வலப்பக்கம் போகப் போக எண்கள் ஏறிக்கொண்டே போனால், பெயர் என்னவாக இருந்தாலும் அது ஃபோமின் தம்பிதான். அந்த அட்டவணையே தராத தயாரிப்பை நான் வாங்க மாட்டேன்.

எந்த வகை?

புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை, குடை குடையாக இரண்டு மூன்று மடிப்பு கொண்ட சிலிக்கான் முனையும் உள்ளே ஃபில்டரும் உள்ள ஆயத்த வகை. எல்லாக் காதுக்கும் ஒரே அச்சு என்பதால் பொருத்தம் முன்னே பின்னே இருக்கும். இரண்டு மூன்று அளவு முனைகளோடு வருவதை வாங்குங்கள். பலருக்கு வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றுக்குப் பெரியதும் மற்றதற்குச் சின்னதும் போடுவதில் தவறே இல்லை.

வாரத்தில் பல நாள் வாசிப்பவர் என்றால், காதின் அச்சு எடுத்துச் செய்யும் வகைக்குப் போவது நல்லது. ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) உங்கள் காதுக்குள் ஒரு மென்பசையைச் செலுத்தி அச்சு எடுப்பார். அதற்கு முன் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாடுபவரும் ஊதுவாத்தியக்காரரும் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்: வாயைத் திறந்த நிலையில் அச்சு எடுக்கச் சொல்லுங்கள். தாடை அசையும்போது செவிக்குழாயின் வடிவமே மாறுகிறது. வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சில் செய்த இயர்ப்ளக், நீங்கள் உச்ச ஸ்தாயிக்கு வாய் திறந்ததும் இடைவெளி விட்டுவிடும். இந்த வகையில் ஃபில்டரை மட்டும் தனியே மாற்றலாம் என்பது பெரிய வசதி. ஒத்திகைக்கு 15, பெரிய மேடைக்கு 25 என்று ஒரே உறையில் மாற்றிக்கொள்ளலாம்.

மின்கலத்தில் இயங்கி, மெல்லிய ஒலியை அப்படியே விட்டு, பெரிய ஒலியை மட்டும் குறைக்கும் வகையும் உண்டு. மெல்லிய பகுதியும் முழக்கமும் மாறி மாறி வரும் இசைக்குழுவுக்கு அது உதவும். மேடையில் இசையைக் கேட்கக் காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் அணிபவர்கள் தனியே இயர்ப்ளக் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். வெளிச் சத்தத்தை அது நன்றாக அடைப்பது உண்மை. ஆனால் உள்ளே எவ்வளவு ஒலி வைக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது; அடைத்துவிட்டு உள்ளே 100 டெசிபல் வைத்தால் என்ன பயன்? பார்வையாளரின் ஆரவாரம் கேட்க வேண்டுமென்று ஒரு பக்கத்தைக் கழற்றுவது இன்னும் மோசம். கழற்றிய காது மேடைச் சத்தம் முழுவதையும் வாங்குகிறது; மற்ற காதிலோ ஒலி போதவில்லை என்று கூட்டிவிடுகிறோம்.

பஞ்சு, கசக்கிய காகிதம், உடைந்த ஹெட்ஃபோன் முனை இவையெல்லாம் பாதுகாப்பே அல்ல.

குரலும் ஊதுவாத்தியமும்

இரண்டு காதையும் விரலால் இறுக்கி மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகிப் பாருங்கள். தலைக்குள்ளிருந்து குரல் முழங்கும். நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. எலும்பு வழியாகவும் வந்து செவிக்குழாயின் சுவரை அதிரச் செய்கிறது. காது திறந்திருந்தால் அந்த அதிர்வின் பெரும்பகுதி வெளியே போய்விடும். அடைத்தால் போக வழியில்லாமல் செவிப்பறையின் பக்கம் திரும்புகிறது. தாழ்ந்த ஒலிகள் 20 டெசிபல் வரைகூட வலுத்துவிடும். பாடுபவரும், டிரம்பெட், கிளாரினெட் போன்றவற்றை வாயில் வைத்து வாசிப்பவரும் இயர்ப்ளக்கை வெறுப்பதற்கு இதுதான் காரணம். தம் சத்தம் பெரிதாகக் கேட்பதால் அவர்கள் தம்மை அறியாமல் ஒலியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

இதற்குத் தீர்வு, கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், இன்னும் ஆழமாகச் செருகுவதுதான். செவிக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. அதுதான் எளிதாக அதிர்கிறது. உட்பகுதி எலும்பு. இயர்ப்ளக்கின் முனை குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி எலும்புப் பகுதியில் போய் உட்கார்ந்தால் முழக்கம் வெகுவாகக் குறையும். ஆயத்த வகையில் இது எல்லாருக்கும் வாய்க்காது. ஆழமான அச்சு எடுத்துச் செய்யச் சொன்னால் கிடைக்கும்.

இன்னொரு வழி, உங்களைப் பாதிப்பது யாருடைய சத்தம் என்று யோசிப்பது. கிளாரினெட் கலைஞருக்கோ செல்லோ கலைஞருக்கோ தம் வாத்தியத்தை விடப் பின்னால் இருக்கும் டிரம்பெட்டுகளும் சிம்பல்களும்தான் ஆபத்து. தாழ்ந்த ஒலிகளை விட்டுவிட்டு உயர்ந்த ஒலிகளை மட்டும் குறைக்கும், காற்றுத் துளையுள்ள வகை அவர்களுக்கென்றே உண்டு. தம் வாத்தியம் இயல்பாகக் கேட்கும், முதுகுக்குப் பின்னால் இருப்பது அடங்கும்.

வயலின், வயோலா கலைஞர்களுக்கு இடது காதுதான் வாத்தியத்துக்குப் பக்கத்தில். இடது காதுக்கு 15, வலது காதுக்கு 9 என்று போட்டுப் பார்க்கலாம். புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடிப்பவருக்கு வலது காது. டிரம்ஸில் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் இரட்டைச் சிம்பல்) இருக்கும் பக்கத்துக் காது கூடுதலாக வாங்குகிறது. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் அளவு அதிகம் என்பதால் இரண்டுக்கும் 25 என்பதே சரி.

போடும் முறை

நல்ல இயர்ப்ளக்கை அரைகுறையாகப் போட்டால் தடுக்கும் அளவு பாதியாகக்கூடக் குறையும். வலது காதில் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து வலது காது மடலின் மேல் பகுதியைப் பிடித்து மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். வளைந்த குழாய் நிமிரும். அப்போது வலது கையால் மெல்லத் திருகிச் செருகுங்கள். ஃபோம் என்றால் முதலில் சுருக்கம் விழாமல் மெல்லிய திரி போல உருட்டி, செருகியபின் அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அது விரிந்து அடைக்கும் வரை விடக் கூடாது.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, சத்தமான இடத்தில் இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை மூடுங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் இயர்ப்ளக் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே உண்டாகும் உறிஞ்சல் செவிப்பறையை இழுக்கும். மெல்லத் திருகி, காற்று நுழைய விட்டு எடுக்க வேண்டும்.

முதல் நாளே மேடையில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். எவ்வளவு சீராகக் குறைக்கும் வகையாக இருந்தாலும் மூளைக்குப் பழக்கம் தேவை. தனியாகப் பயிற்சி செய்யும்போது இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். முதல் சில நாட்களில் சத்தம் போதவில்லை என்று கை அழுத்தி வாசிக்கப் பார்க்கும். மணிக்கட்டு வலித்தால் அதைக் கவனியுங்கள். எனக்கு மூன்றாவது ஒத்திகையில் ஒரு வியப்பு நடந்தது. பாடகரின் சொற்கள் முன்பை விடத் தெளிவாகக் கேட்டன. அளவு மிஞ்சிய சத்தத்தில் காது திணறுகிறது என்பதையே அதுவரை நான் உணர்ந்திருக்கவில்லை.

இசை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சத்தமான அறையில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போட்டால் எல்லாம் மங்கிக் கேட்கும், பிடிக்காமல் போகும். என்னுடையதைச் சின்ன டப்பாவில் வைத்து கிட்டார் பையின் ஜிப்பில் கட்டியிருக்கிறேன். கிட்டாரை எடுக்க வேண்டுமென்றால் அதைத் தொட்டாக வேண்டும். சிலிக்கான் முனைகளை ஃபில்டரைக் கழற்றிவிட்டு மிதமான சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். ஃபில்டரில் நீர் படக் கூடாது. ஃபோமைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. அழுக்கானால் புதிது எடுக்க வேண்டியதுதான். மற்றவரோடு பகிர வேண்டாம். காதில் சீழ், வலி இருந்தால் ஆறும் வரை எதையும் செருகக் கூடாது. அந்த நாட்களில் சத்தத்திலிருந்து விலகி இருப்பதே வழி. குறும்பியை எடுக்கப் பஞ்சுக் குச்சியை விடாதீர்கள், அது உள்ளே தள்ளி அடைத்துவிடும்.

இயர்ப்ளக் போட்டாயிற்று என்று அறையின் சத்தத்தை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு அடியும் பயன் தரும். கிட்டார் ஆம்ப்ளிஃபையரைத் தரையிலிருந்து தூக்கிக் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால், காலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒலி காதுக்கு வரும். குமிழை இறக்க முடியும். எங்கள் குழுவில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு டிரம்ஸ் வாசிப்பவரும் தானாகவே அடியைத் தணித்தார்.

வாங்குவதற்கு முன்போ பின்போ, ஒருமுறை ஆடியோகிராம் (கேட்கும் திறனை அதிர்வெண் வாரியாகக் காட்டும் வரைபடம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு முந்தைய நாள் சத்தமான ஒத்திகை வேண்டாம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து முதல் படத்தோடு ஒப்பிட்டால், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழத் தொடங்கினால் உங்களுக்கு உணர்வில் தெரிவதற்கு முன்பே அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் ஃபில்டரை ஒரு படி ஏற்ற வேண்டும், அல்லது அச்சு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உடல் எடை மாறினாலே காதின் வடிவம் மாறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய அச்சு தேவைப்படலாம். இயர்ப்ளக் போட்டும் மறுநாள் முழுக்க ரீங்காரம் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தரும் வாய்ப்பு அதிகம்.